கேட்டுக்கொண்டனர்

ஒரு குறிப்பை எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு அதைச் சரியாகப் படிக்க வரும். அனுப்புவதற்கு முன் எத்தனை முறை பார்த்தாலும் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். கையை விட்டுப் போன அடுத்த நிமிடம், லட்சத்தைக் கோடி என்று போட்டுவிட்டேனோ, போன வருடத்துத் தொகையை இந்த வருடத்துக்கு எழுதிவிட்டேனோ என்று சந்தேகம் வரும். மறுபடி திறந்து முதல் வரியிலிருந்து படிப்பேன். அப்படிப் படித்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி அடுப்பு அணைந்த நாட்கள் நிறைய. "உனக்குப் பயப்படறதுக்கு ஒண்ணுமே கெடைக்காத நாளுன்னு ஒண்ணு வந்தா, அன்னைக்குத்தான் நாம பயப்படோணும்" என்பார் என் கணவர்.

மாநில அரசின் வரவு செலவைப் படித்து, எந்தச் சலுகை யாருக்குப் போய்ச் சேருகிறது, எதற்கு ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடக்கிறது என்று எழுதுவது என் வேலை. சென்னையில் உள்ள ஒரு சின்ன ஆய்வு மையத்துக்காக, திருப்பூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த ஊரில் ஒருத்தி வேலைக்குப் போகிறாள் என்றால் அடுத்த கேள்வி எந்தக் கம்பெனி என்பதுதான். எனக்குக் கம்பெனி இல்லை. பட்ஜெட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று எதிர்வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டேன். "அப்படீங்களா, அப்ப நம்ம வீதிக்கு ஒரு சாக்கடை எழுதிப் போடுங்க" என்றார். கிண்டல் செய்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் சாக்கடை ஞாபகம் வந்து குற்றவாளிபோல் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இந்தத் தொழிலில் பாதிச் சிக்கல் சொற்களால் வருவது. ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் அனுமதி கேட்பதற்கு மானியக் கோரிக்கை என்று பெயர். செய்தித்தாளில் அந்தத் தலைப்பு வந்தால் போதும், என் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, போன் செய்துவிடுவார். "அம்மிணி, மானியம் கேட்டிருக்காங்களாட்ட இருக்குதே, நம்மளுக்கு எத்தன வரும்?" அது அந்த மானியம் இல்லை என்று ஒவ்வொரு வருடமும் விளக்குவேன். ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொள்வார். மறு வருடம் மறுபடி கேட்பார்.

அக்காவும் மாமாவும் பெருமாநல்லூரில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். சுற்றிலும் அதுபோல் நிறைய ஷெட்டுகள். ஒருவரிடம் வேலை அதிகமானால் பக்கத்து ஷெட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். பக்கத்து ஷெட்டில் ஓவர்லாக் மெஷின் பழுதானால் இங்கே வந்து தைத்துக்கொள்வார்கள். ஒருவரையொருவர் நம்பித்தான் எல்லாரும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி வீட்டோடு இருக்கிற யூனிட்டுகளுக்கு மின்கட்டணத்தில் ஒரு சலுகை உண்டு. குறைகிற தொகையை அரசு மின்வாரியத்துக்கு ஈடுகட்டிவிடும்.

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு, அந்தச் சலுகையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகப் புது மெஷின் வாங்க ஒரேயொரு முறை உதவி கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை கிளம்பியது. காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். வருடா வருடம் வளர்கிற செலவு ஒரே தடவையில் முடிந்துவிடும். முன்பின் தெரியாத ஊராக இருந்திருந்தால் நானே ஆதரித்து இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் இது என் அக்காவின் ஷெட். சலுகை போனால் ஆர்டர் மந்தமான மாதங்களில் மெஷினை ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பதே லாபம் என்று ஆகிவிடும். ஓடாத மெஷினுக்குத் தையல்காரர்கள் காத்திருக்கமாட்டார்கள். அக்காவுக்கு அந்த ஷெட்டைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

இந்தச் சலுகையைக் கவனிக்கும் துறையிலிருந்து, சென்னைக்காரரான ஓர் இளம் அதிகாரி நேரில் வந்து உரிமையாளர்களின் கருத்தைக் கேட்க விரும்பினார். ஏற்பாடு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா ஷெட் ஷெட்டாகப் போய், "என்ற தங்கச்சி கூப்பிடுது, ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று அழைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அக்காவின் ஷெட்டிலேயே கூட்டம் நடந்தது.

அதிகாரி நல்ல பிள்ளை. பொறுமையாக, ஒவ்வொன்றாக விளக்கினார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் இருபது வாய்கள் ஒரே குரலில், "சரீங்க" என்றன.

சலுகை படிப்படியாக நிற்கும். சரீங்க. மெஷினுக்கு உதவி வரும். சரீங்க. கட்டணம் மற்ற யூனிட்டுகளுக்கு உள்ளதுபோலவே இருக்கும். சரீங்க.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் சரீங்க என்றால் சம்மதம் என்று பொருள் இல்லை. நீங்கள் பேசுவது என் காதில் விழுகிறது, மேலே பேசுங்கள், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட வேண்டாம் என்று சொல்லமாட்டோம். சரீங்க, கலந்துட்டுச் சொல்றமுங்க என்போம். வந்தவர்களும் கலந்துட்டு என்பதைக் கேட்டதுமே வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். சென்னைக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? டீயும் முறுக்கும் வந்தபோது அவர் முகம் மலர்ந்து என்னிடம் சொன்னார்: "இவ்வளவு ஒத்துழைப்பு நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்ல, மேடம்." அவர் கார் கிளம்பிப் போனதும், வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டே ஒவ்வொருவராக அக்காவிடம் வந்து, "இது ஆகற காரியமுங்களா? கட்டுபடியாகாதுங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

களக்குறிப்பைத் தமிழில்தான் எழுதுவேன் என்பது என் பிடிவாதம். மனிதர்கள் பேசியதைப் பேசிய மொழியிலேயே பதிய வேண்டும் என்று பெரிய மனுஷிபோல் எங்கள் மையத்தின் தலைவரிடம் வாதாடி வாங்கிய உரிமை அது. அன்று ஒரு வரிக்காக அரைநாள் தவித்தேன். ஒப்புக்கொண்டனர் என்று எழுதினால் பொய். மறுத்தனர் என்று எழுதினால் அதுவும் பொய், ஒருவரும் மறுக்கவில்லையே. கடைசியில் ஒரு சொல் அகப்பட்டது. 'திட்டம் விளக்கப்பட்டது, உரிமையாளர்கள் அதைக் கேட்டுக்கொண்டனர்.' காது கொடுத்தார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கீழே, கட்டுபடியாகாது என்று வாசலில் சொன்னதைத் தனிப் பத்தியாகச் சேர்த்தேன். என்ன பொருத்தமான சொல் என்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. அன்று மட்டும் அனுப்பிய பிறகு திறந்து படிக்கவில்லை.

சென்னையில் அதை ஆங்கிலத்தில் சுருக்கினார்கள். சுருக்கம் என் பார்வைக்கு வந்தது, துறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. வாசல் பத்தி இடமில்லாமல் காணாமல் போயிருந்தது. மிஞ்சிய வரியில், இந்தத் திட்டத்தைத் தரும்படி உரிமையாளர்களே வேண்டுகோள் வைத்தார்கள் என்று இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. என் தமிழை எடுத்துப் பார்த்தேன். கேட்டுக்கொண்டனர். நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி பயணிகளைக் கேட்டுக்கொள்கிறதே, அந்தக் கேட்டுக்கொள்வது! மொழிபெயர்த்தவரைத் திட்ட வாயெடுத்தேன்; அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்திருந்தது நான்தான். அக்காவும் மற்றவர்களும் தங்கள் சலுகையை எடுத்துவிடும்படி தாங்களே அரசாங்கத்திடம் மன்றாடியதாக என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன்.

தலைவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துக் குரலைத் தாழ்த்தினார். "சட்டமன்றத்துல வைக்கிற, துறையோட கொள்கை விளக்கக் குறிப்பு அச்சுக்குப் போகப் போகுதும்மா, அதுல இந்த வரியும் இருக்கு. நீங்க சொன்னா எடுபடாது. அந்தக் கூட்டத்தை ஏற்பாடு பண்ணினது உங்க அக்கான்னு அவங்களுக்குத் தெரியும். வந்திருந்தவங்கள்ல யாராவது ஒருத்தர் அதிகாரிகிட்ட நேரடியா, நாங்க இதைக் கேட்கல, எங்களுக்கு வேண்டாம்னு சொல்லட்டும். வீடியோவில் பேச ஏற்பாடு பண்றேன்."

அதற்குள் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று முந்திக்கொண்டது. தையல் யூனிட் உரிமையாளர்களின் கோரிக்கையை ஏற்றுச் சலுகையில் மாற்றம் வரலாம் என்று நான்கு வரிச் செய்தி. காலையில் அக்காவிடமிருந்து போன். அவள் போனில் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள். அன்று கேட்கவில்லை.

"நா என்ன புள்ள கேட்டேன்?" என்றாள். "பக்கத்து ஷெட்டுக்காரரு வந்து, ஏனுங்க, தங்கச்சிய வெச்சு நீங்கதான் கேட்டு வாங்குனீங்களாமான்னு கேக்கறாரு. நா யாரக் கேட்டேன்? எதக் கேட்டேன்?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அக்காவுக்கு ரகசியமாக ஏதோ ஆதாயம் கிடைத்துவிட்டது, அதற்காக மற்றவர்களை விற்றுவிட்டாள் என்று பேச்சு பரவியது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வணக்கம் குறையவில்லை. ஆனால் பக்கத்து ஷெட்டில் குவிந்திருந்த வேலை அக்காவைத் தாண்டி மூன்றாவது ஷெட்டுக்குப் போனது. இங்கே கோபத்தை இப்படித்தான் காட்டுவோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டதாக நினைத்துப் பூரித்த அந்த மத்தியானத்தை நினைக்கும்போதெல்லாம் கூசியது.

வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் தேடிப் புறப்பட்டேன். ஊத்துக்குளி ரோட்டில் எருமைகளும் மெஷின்களும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் பெரியவரிடம் முதலில் போனேன். அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர், அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். பெரிய லோட்டாவில் மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரீங்க என்றார். "அப்போ அதிகாரிகிட்ட வேண்டாம்னு சொல்றீங்களாங்க?" என்று கேட்டேன்.

"நம்ம வாயால எதுக்கு அம்மிணி? அந்தத் தம்பி அத்தன தூரத்துலிருந்து வந்து பேசிட்டுப் போச்சு. மொகத்துக்கு நேரா வேண்டாமுன்னா மனசு நோகுமுல்ல? நீயே பாத்துச் சொல்லிப்போடு."

அடுத்தவர், வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகச் சொன்னார். அதற்கு அடுத்தவர் மூலனூரிலிருந்து வந்த முருங்கைக்காயை ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார். எத்தனை படி ஏறி இறங்கினாலும் மரியாதைக்குக் குறைவில்லை, ஒரு வேண்டாம் மட்டும் கிடைக்கவில்லை. என் சொந்த ஜனங்கள்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பிழைப்பே போகப்போகிறது, யாரோ ஒருவர் மனசு நோகும் என்று உட்கார்ந்திருக்கிறார்களே! வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, முருங்கைக்காய்ப் பையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன்.

கடைசியில் அக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை.

மறுநாள் பகல் பதினொரு மணி வாக்கில் ஷெட்டில் மெஷின்களை நிறுத்தினோம். கட்டிங் மேசைமேல் என் மடிக்கணினி. அக்கா முன்னால் உட்கார்ந்தாள். மாமா, எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலை எதுவும் செய்யாமல் கதவுக்குப் பின்னால் நின்றார். நான் வாயே திறக்கக் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திரையில் படாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்கு வேண்டாம், இரண்டே வாக்கியம். காலையிலிருந்து அக்காவுக்குச் சொல்லிச் சொல்லி என் வாயே உலர்ந்திருந்தது.

அதிகாரி திரையில் வந்து வணக்கம் சொன்னார். அன்று போட்ட டீயைப் புகழ்ந்தார். அக்காவின் முகம் உடனே விருந்தினரை வரவேற்கிற முகமாக மாறிவிட்டது. எனக்குப் பகீர் என்றது.

"அம்மா, நீங்க எல்லாரும் கேட்டதாலதான் இந்தத் திட்டம்னு குறிப்புல இருக்கு" என்றார்.

"சரீங்க" என்றாள் அக்கா.

"அதை அப்படியே வச்சுக்கலாம் இல்லையா?"

"சரீங்க."

ஸ்டூல் அப்படியே பூமிக்குள் போய்விட்டால் நல்லது என்று இருந்தது. அவர் குனிந்து எதையோ குறிக்கத் தொடங்கினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. சின்ன வயதில் நான் கிணற்றுப் படியில் வழுக்கியபோது அவள் என்னைப் பார்த்த பார்வை அது. திரையின் பக்கம் திரும்பி, கழுத்து நரம்பு புடைக்க, "இல்லீங்க!" என்றாள். கதவுக்குப் பின்னால் மாமா இருமினார்.

"நாங்க ஒண்ணும் கேக்கலீங்க. எங்களுக்கு வேண்டாமுங்க. கட்டுபடியாகாதுங்க. மெஷினு எதுக்குங்க, இருக்கற மெஷினையே ஓட்ட முடியாமப் போயிருமுங்க."

அதிகாரி நிமிர்ந்தார். "அன்னைக்கு எல்லாரும் சரின்னு சொன்னீங்களேம்மா? இப்பக்கூட சொன்னீங்க."

"நீங்க பேசுனது காதுல உழுந்துச்சுன்னு சொன்னமுங்க. ஊட்டுக்கு வந்தவியகிட்ட வேற எப்படிங்க சொல்றது?"

அவர் குறித்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "இது எனக்கு யாரும் சொல்லித் தரலம்மா" என்றார். கோபம் இல்லை, உண்மையாகவே திகைத்துப் போயிருந்தார். அந்த வரியை எடுத்துவிடுவதாகவும், யோசனையை மறுபடி பார்க்கச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தார். இணைப்பு துண்டானதும் அக்கா மடிக்கணினியை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். மாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கக் குறிப்பு வெளியான அன்று அந்தப் பக்கத்தை மூச்சுவிடாமல் தேடினேன். அந்த வரி இல்லை. சலுகை குறித்து ஆராயப்பட்டு வருகிறது என்று மட்டும் இருந்தது. அரசாங்க மொழியில் அதற்கு, இந்த வருடத்துக்குத் தொடமாட்டோம் என்று பொருள். அடுத்த வருடத்தைப் பற்றி எனக்கு இப்போதே பயம் இருக்கிறது. அது என் சுபாவம். பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு பெருமாநல்லூருக்கு ஓடினேன்.

அக்கா துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். பக்கத்து ஷெட்டிலிருந்து வேலை திரும்ப வருகிறதா என்று கேட்டேன்.

"வருது. இப்ப வேற பேச்சு. பெரிய ஆபீசருகிட்ட, ஊட்டுல நின்னுக்கிட்டு மொகத்துல அடிச்சாப்புல வேண்டாமுன்னு எதுத்துப் பேசிட்டாளாமான்னு பேசிக்கறாங்க. மோரு குடுத்தாருன்னியே, அந்தப் பெரியவரே கேட்டாரு. இத்தன வாய் ஆகாது அம்மிணின்னு சொன்னாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர்கள் எல்லாருடைய சலுகையையும் காப்பாற்றியது அந்த வாய்தான். நான் போய்ப் பேசுகிறேன், எல்லாரிடமும் நடந்ததை எடுத்துச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நீ யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். இனிமே எங்க பேச்ச எங்கயும் எழுதவும் வேண்டாம். உன்ற வேலைக்கு வேற ஊரப் பாத்துக்க புள்ள. எனக்குக் கோவமில்ல. ஆனா பயமா இருக்குது. நீ பக்கத்துல உக்காந்திருந்தா வாயத் தொறக்கவே பயமா இருக்குது."

என்னைப் பார்த்து அவள் பயப்படுவாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டில் பயம் என்பது என் குத்தகை. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து, "சரிங்க்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"எந்தச் சரி?" என்று கேட்டாள்.